மூன்று சென்டிமீட்டர் வீக்கம்

"செத்துப்போறதுக்குள்ள அவனக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று போனில் சொன்னார்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நெஸாஹத் அக்கா கேட்டார். அது யாருக்கும் தெரியாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஃபாத்திஹ் பகுதியில் அந்த வீட்டு வாசலில் நின்றோம். வெளியே பெயர்ப்பலகை இல்லை. உள்ளே பதினோரு ஆண்கள் தங்கியிருந்தார்கள். பதினோரு பேரும் ஊரில் சொல்லி வைத்திருந்த கதை ஒன்றுதான்: மோட்டார் சைக்கிள் விபத்து. உண்மையில் அவர்கள் தங்கள் தொடை எலும்பைத் தாங்களே அறுக்கச் சொன்னவர்கள். அறுத்த எலும்புக்குள் ஒரு கம்பி இருக்கும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அது நீளும். விலகின இடத்தில் புது எலும்பு வளரும். இரண்டு மாதத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும்.

"இந்த ஊர்ல இத்தன மோட்டார் சைக்கிளே கிடையாதேக்கா" என்றேன். என் வேலை அதுதான். அக்கா யோசிப்பார், நான் உளறுவேன்.

நெஸாஹத் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருடம் பொய்க்காயக்காரர்களைப் பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. உயரம் நாலடி பத்து அங்குலம். அவர் கூடத்துக்குள் நுழைந்ததும், தடி ஊன்றி நடை பழகிக்கொண்டிருந்த ஆண்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மெலெக்கின் கையில் ஒரு தாள் இருந்தது. காணாமல் போனவன் இல்ஹான். வயது இருபத்தொன்பது, கண்ணாடிக் கடையில் வேலை. கால் நீட்ட ஆரம்பித்து ஐம்பத்தோராவது நாள். வழக்கமான உடற்பயிற்சிக்காரர் விடுப்பில் போனதால் நேற்று மாலை ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். நாலாம் எண் கட்டிலில் இருந்தவரின் கெண்டைக்காலை அளந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். இடது கால் வலதைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம், சூடு, தொட்டால் வலி. நாலாம் எண் இல்ஹானுடையது. மெலெக் அந்தத் தாளைப் படித்தது இன்று காலை ஒன்பதுக்கு. இல்ஹான் எட்டுக்கே கிளம்பிப் போயிருந்தான். போனை அணைத்து வைத்திருந்தான்.

அந்த அளவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நர்சிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். எலும்பை அறுத்தவனுக்குக் காலில் ரத்தம் கட்டும். அசையாமல் கிடந்தால் இன்னும் சீக்கிரம் கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால், அங்கே கட்டி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அது கிளம்பி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்வான்.

"ஊசி போட்டானா?" என்று அக்கா கேட்டார்.

போட்டிருக்கிறான் என்றாள் மெலெக். ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் வயிற்றில் ஒரு ஊசி. முதல் இரண்டு வாரம் அவள் போட்டுவிட்டுக் கற்றுக்கொடுப்பாள். பிறகு அவரவரே போட்டுக்கொண்டு, காலி ஊசியை மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். வாரம் ஒருமுறை அவள் எண்ணுவாள். யாருடைய டப்பாவிலும் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. அது போக, இறுக்கமான நீளக் காலுறை, மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், சிகரெட் கூடாது, வீங்கின காலைத் தேய்க்கக் கூடாது. சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இல்ஹானின் அறையில் இரண்டு கட்டில்கள். அக்கா நேரே குப்பைக்கூடைக்குப் போனார். உள்ளே இருந்தது இரண்டே பொருள். ஒன்று, புதுக் காலுறை சுற்றி வரும் அட்டை. இன்னொன்று, ரப்பரில் செய்த ஒரு ஜோடி குதிகால் ஆப்பு. ஷூவுக்குள் வைத்தால் ஆளை ஐந்து சென்டிமீட்டர் தூக்கிக் காட்டும். வருடக்கணக்கில் மிதிபட்டு ஓரம் தேய்ந்திருந்தது.

"எந்த ஆம்பிளடா புதுக் காலுறை வாங்குவான்?"

"பழசுல ஓட்ட விழுந்தவன்" என்றேன்.

"ஓட்ட விழுந்தாலும் வாங்க மாட்டான். காலுறைய நாலு பேர் பாக்கப் போறாங்கன்னாதான் வாங்குவான். ஷூவக் கழட்டிட்டு உள்ள போற வீடு. எல்லாரும் அவனையே பாத்துட்டிருக்கப் போற வீடு." ஆப்பை விரலால் தட்டினார். "இதுல நின்னுதான் ஒரு பொண்ண மயக்கியிருக்கான். அவ வீட்டு வாசல்ல ஷூவக் கழட்டினா அஞ்சு சென்டிமீட்டரும் வெளியவே நின்னுடும். அதுக்குத்தான் கால அறுத்துக்கிட்டான். இன்னிக்குப் பொண்ணு கேக்கப் போயிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டில்காரர் பால்கனியில் இருந்தார். பெயர் ஷுக்ரு, நாற்பத்து மூன்று வயது, அதானாவில் கசாப்புக் கடை. இருபது வருடம் மரப்பெட்டி மேல் நின்று கறி வெட்டியவர். ஒரு நாள் கடைப்பையன் விளையாட்டாகப் பெட்டியை இழுத்துவிட, வரிசையில் நின்றவர்களுக்கு அவர் தொப்பி மட்டும்தான் தெரிந்ததாம். இது மெலெக் சொன்னது.

ஆகஸ்ட் வெயிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டித் தயிர் மாதிரி வெள்ளை வயிறு, பளபளவென்று. இடுப்புக்குக் கீழே கம்பளிப் போர்வை. பக்கத்தில் எண்ணெய் டின்னில் வைத்த ஜெரேனியச் செடி.

"என்னண்ணே, மேல ஆகஸ்ட்டு, கீழ ஜனவரியா?" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்து மூச்சு வாங்கினார்.

இல்ஹான் எங்கே என்று அக்கா கேட்டதற்கு, வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அவன் உயிர் போகும் என்றேன். அவர் செடியைப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகாது, தம்பி. நான் சொல்றேன். ஒண்ணும் ஆகாது."

வயசானவர்கள் ஆறுதலுக்குச் சொல்வது என்று நினைத்தேன். அக்கா ஒரு நொடி நின்று அவரைப் பார்த்தார். பிறகு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அந்த ஒரு நொடியைப் பற்றி அவர் பிற்பாடு என்னிடம் இரண்டு முறை பேசியிருக்கிறார். இரண்டு முறையும் குரல் சரியாக இல்லை.

தெருமுனை டாக்சி நிறுத்தத்தில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் கேட்கப் போகிறவன் பூவும், வெள்ளித்தட்டில் சாக்லேட்டும் இல்லாமல் போக முடியாது. தடி ஊன்றியவன் அதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறவும் முடியாது. எந்த டாக்சி என்பதுதான் கேள்வி. அவர்களே மற்ற ஓட்டுநர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக் கொடுத்தார்கள். முதலில் முடிதிருத்தும் கடை, பிறகு பூக்கடை, பிறகு சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் உஸ்குதார். ரொட்டிக்கடைக்கு மேல் இரண்டாவது மாடி. மாப்பிள்ளை வழியெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஓட்டுநர் வருத்தப்பட்டாராம். நாக்கு ஒட்டிக்கொண்டு பேசியிருக்கிறான். சிறுநீர் முட்டினால் அடிக்கடி எழுந்து நொண்ட வேண்டும், அதனால்தான் என்று எனக்குப் புரிந்தது. ரத்தம் கட்ட வேறென்ன வேண்டும்.

ஞாயிறு பாலம் அடைத்துக் கிடக்கும் என்று படகில் போனோம். மேல்தளத்தில் நான் ஓரிடத்தில் நிற்க முடியாமல் நடந்தேன்.

"உக்காருடா. நீ நடந்தா படகு வேகமாப் போகாது."

உட்காரவில்லை. படிப்பை ஏன் விட்டாய் என்று அக்கா அதுவரை கேட்டதில்லை. அன்று நானே சொன்னேன். இரவுப் பணி. ஒரு கிழவருக்குக் கெண்டைக்காலில் வலி. தசைப்பிடிப்பு என்று நினைத்தேன். டாக்டரை எழுப்பினால் திட்டுவார். நானே எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன், இருபது நிமிடம், ரொம்ப அன்பாக. என் கையைப் பிடித்து வாழ்த்தினார். விடிவதற்குள் போய்விட்டார். தேய்த்தேன் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. பதிவேட்டில், நன்றாகத் தூங்கினார் என்று எழுதியிருந்தேன்.

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரை நெருங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"அவன முதல்ல வெளிய கூப்பிடு. காதுல சொல்லு. அங்க இருக்கற யாருக்கும் தெரியக்கூடாது. புரியுதா?"

புரிந்தது என்றேன்.

ரொட்டிக்கடை, இரண்டாவது மாடி. கதவு லேசாகத் திறந்திருந்தது. வாசலில் ஷூக்கள் வரிசையாக. உள்ளே ஒரு பெரியவரின் குரல், மனப்பாடமாக: "இறைவன் கட்டளைப்படியும் நபிகள் சொன்ன வழிப்படியும், உங்க மக பெர்னாவ எங்க இல்ஹானுக்கு..."

சாய்விருக்கையில் இல்ஹான் உட்கார்ந்திருந்தான். கையில் காபிக் கோப்பை. பெண் உப்புப் போட்டுக் கொடுத்த காபி. முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும், அது வழக்கம். நெற்றியில் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. உப்புக் காபிக்கு எவனுக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அந்தக் கிழவரின் முகம் தெரிந்தது.

ஷூவோடு உள்ளே ஓடினேன். கம்பளத்தின் மேல். அவன் முன்னால் மண்டியிட்டு, பேன்ட்டைப் பிடித்து மேலே இழுத்தேன்.

"அசையாத. கால் நீட்டற ஆபரேஷன் பண்ணினவன் தண்ணி குடிக்காம இப்பிடி உக்காரலாமா? உன் கால்ல ரத்தம் கட்டியிருக்குடா. நெஞ்சுக்குப் போனா செத்துருவ."

அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் கேட்டது. சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பெண்ணின் அப்பா, மெல்லிய மனிதர், என் ஷூவைப் பார்த்தார். பிறகு இல்ஹானைப் பார்த்தார்.

"என்ன ஆபரேஷன்? மோட்டார் சைக்கிள்னு சொன்னாங்க."

அவர் பார்வை இல்ஹானின் காலுக்கு இறங்கியது.

"அப்ப இந்த உயரம்?"

"என்னோடதுதான் ஐயா" என்றான் இல்ஹான். கோப்பையைத் தட்டில் வைத்தான். "புதுசு."

நான் அளவு நாடா கேட்டேன். பெர்னாதான் உள்ளே போய்த் தையல் நாடாவை எடுத்துவந்தாள். என்னிடம் தரவில்லை. தானே குனிந்து, புதுக் காலுறையை இறக்கினாள். அடியில் இறுக்கமான நீளக் காலுறை போட்டிருந்தான். அதற்கு மேலேயே நாடாவைச் சுற்றி அளந்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள். அடுத்த காலுக்குப் போனாள். "முப்பத்தஞ்சு."

மறுபடி அளக்கச் சொன்னேன். அவள் அளக்கவில்லை. நான் அளந்தேன். முப்பத்தைந்து, முப்பத்தைந்து. சூடு இல்லை. அமுக்கினால் வலி இல்லை.

அதற்குள் அக்கா வந்திருந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். பெண்ணின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இல்ஹானின் சட்டை நுனியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். அவன் தூக்கினான். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக ரத்தக் கன்றல். மஞ்சள், பச்சை, ஊதா. பழசிலிருந்து புதுசு வரை ஒழுங்காக வரிசையில் இருந்தன. ஐம்பத்தொரு நாள் ஊசி போட்ட வயிறு.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"வெதாத், அந்த ஷுக்ரு பால்கனியில உக்காந்திருந்தாரே. அவரு வயிறு எப்பிடி இருந்துச்சு?"

தயிர் மாதிரி. ஒரு புள்ளி இல்லாமல்.

"அப்புறம் அந்தப் போர்வை" என்றார் அக்கா.

மேலே ஆகஸ்ட், கீழே ஜனவரி. நல்ல நகைச்சுவை.

இல்ஹானிடம் கேட்டோம். இரண்டே வாக்கியத்தில் சொன்னான். நேற்று மாலை இந்தப் பேன்ட்டின் நீளத்தை இறக்கத் தையல்காரரிடம் போக வேண்டியிருந்தது. பயிற்சிக்கு ஆள் இல்லையென்றால் தன் வீட்டாருக்குப் போன் போய்விடும் என்று பயந்து, ஷுக்ரு அண்ணனைத் தன் கட்டிலில் படுத்து ஆஜர் கொடுக்கச் சொன்னான். புதுப் பெண்ணுக்கு முகம் தெரியாது, ஷுக்ருவுக்கு அன்று பயிற்சி முறையும் இல்லை. அந்த வீட்டில் யாரும் யாருடைய முகத்தையும் அவ்வளவாகப் பார்ப்பதும் இல்லை.

அக்கா மெலெக்குக்குப் போன் செய்தார். நான் அந்தக் கம்பளத்தில் என் ஷூ பதித்த இரண்டு தடத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். போனில் மெலெக் மாடியேறும் சத்தம் கேட்டது. கதவு. பிறகு அவள் அவர் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டது. மூச்சு வாங்குது, உதடு நீலமா இருக்கு, நாடி நூத்தி முப்பது என்றாள். ஆம்புலன்ஸ் என்றார் அக்கா.

அந்த வீட்டை விட்டு நாங்கள் வெளியேறியபோது யாரும் எங்களைத் திட்டவில்லை. பெர்னா காபித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இல்ஹான் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொள்ள மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மாலை ஐந்துக்கு மருத்துவமனையில் அவரைப் பார்க்க விட்டார்கள். கட்டியிலிருந்து ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. சின்னத் துண்டு. பெரியது இன்னும் காலிலேயே இருந்தது. இன்னொரு மணி நேரம் போயிருந்தால் பேச்சே இல்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு கையிலும் ஊசி குத்தி, குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஷுக்ரு அண்ணன் இரண்டு கையையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமாண்ணே?" என்றேன்.

"தெரியும். அந்தப் பொண்ணு அளந்தப்பவே மூஞ்சி மாறிச்சு. ஸ்கேன் எடுக்கணும்னா. எடுத்தா, ஊசி போட்டியான்னு கேப்பாங்கல்ல?" ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சை இழுத்தார். மெலெக் போட்டவரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். தானே போட வேண்டும் என்ற நாளிலிருந்து, ஒவ்வொரு ஊசியையும் ஜெரேனிய டின்னில் பீய்ச்சிவிட்டுக் காலியைப் போட்டிருக்கிறார். கன்றலெல்லாம் எப்போதோ மறைந்துவிட்டது.

"நான் கசாப்புக்காரன்டா. அர மணி நேரத்துல ஒரு ஆட்ட உரிச்சுத் தொங்கவிடுவேன். எனக்கு ஊசின்னா கண்ணு இருட்டுதுன்னு அந்தப் பொம்பளப் புள்ளகிட்ட எப்பிடிச் சொல்ல?"

பொம்பளப் புள்ள என்றது மெலெக்கை. அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தாள், ஒரு தடவைகூட வயிற்றைப் பார்க்கவில்லை. அவள் உள்ளே வரவில்லை.

"நீங்க அவனத் தேடிட்டு ஓடறப்ப கூப்பிடலாம்னு நெனச்சேன். வாய் வரல." பிறகு கேட்டார். "பையனுக்குப் பொண்ணு குடுத்துட்டாங்களா?"

தெரியாது என்றேன். எட்டுப் பேர் நடுவில் நான் செய்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், ஷூ உட்பட. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

வராந்தாவில் அக்கா எனக்கு டீ வாங்கி வைத்திருந்தார். "தப்பான ஆளத் தேடிக் கெளம்பினது நான்தான். அது என் தலையில. ஆனா ஷூவோட உள்ள போனது நீ" என்றார். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை.

ஏழு மணிக்கு மறுபடி அந்த ரொட்டிக்கடை மாடி ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. வாசல் வரிசையில் ஷூக்கள் குறைந்திருந்தன. சித்தப்பாவுடையதைக் காணோம். ஆனால் இல்ஹானின் கறுப்பு ஷூ அங்கேயே இருந்தது. மதியம் இருந்த இடத்திலேயே, ஆப்பு இல்லாமல், தட்டையாக. பக்கத்தில் சுவரில் இரண்டு தடிகளும் சாய்ந்திருந்தன. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. சண்டையா சமாதானமா என்று தெரியவில்லை. பெண்குரல்தான் அதிகமாகப் பேசியது. நடுவில் அவன் தண்ணீர் கேட்டான்.

ஷூவைக் கழற்றினேன். என் காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. காலுறையை இழுத்து, ஓட்டையை விரலுக்கு அடியில் மடிக்கப் பார்த்தேன். நிற்கவில்லை.

விட்டுவிட்டு மணியை அழுத்தினேன்.